ரெண்டு மணிக்கு விட்ட பள்ளிக்கூடம்

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஷிப்டு மாறும் இரண்டு மணிச் சங்கு ஊதுகிறது. மூன்றாம் வகுப்பு மேசையில் நோட்டுக் கட்டின்மீது கன்னம் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த வேதமணி வாத்தியார் திடுக்கிட்டு எழுந்து ஓடி, வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை, வீட்டுக்குப் போகும் மணியாக நீட்டி அடித்துவிடுகிறார். மறு நிமிடம் பள்ளிக்கூடமே தெருவில் இருக்கிறது. எதற்கெடுத்தாலும் சந்தேகம் கேட்கும் பிள்ளைகள், இதில் மட்டும் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. மைதானத்தில் புழுதி மெல்ல அடங்குகிறது. ஒற்றைச் செருப்பு ஒன்று வெயிலில் மல்லாந்து கிடக்கிறது. வாத்தியார் கையில் சுத்தியல். கன்னத்தில், யாருடைய கணக்குக்கோ அவரே சிவப்பு மசியில் போட்ட தப்புக் குறி.

தலைமையாசிரியை ஐடா வராந்தாவுக்கு வருகிறார். இரண்டு நாள் லீவு கேட்டு வாத்தியார் கொடுத்த கடிதத்துக்குப் பத்து நாளாக, "பாக்கலாம் சார்" என்று மட்டுமே சொல்லிவருபவர்.

"இன்னா சார் இது?"

"சங்கு ஊதிச்சு டீச்சர், கை தானா போயிடுச்சு." கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருப்பதால் மன்னிப்புகூடத் தவளைக் குரலில்தான் வருகிறது. "காலையில டியூஷன், இங்க ரெண்டு கிளாசு, ராத்திரி நோட்டுங்க. லீவு உண்டா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க."

ஐடா டீச்சர் அவர் கையிலிருந்த சுத்தியலை மெதுவாக வாங்கிக்கொள்கிறார்.

"உண்டு. சுரங்கத்து ஷாப்டுல எறங்குனவங்களே எட்டு மணி நேரத்துல மேல வந்துடறாங்க. நீங்கதான் சார் மேலயே வர்றதில்ல. ரெண்டு நாள் தூங்குங்க, உங்க ரெண்டு கிளாசையும் நான் பாத்துக்கறேன்."