இரண்டு முழக் கிட்டார்

முதலில் தப்புச் செய்தது ஹரிராம். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இருபத்தெட்டு வருஷமாக அவனுடைய மெல்லிசைக் குழுவில் இந்த நல்லகாமன்தான் கிட்டார். ஊர்த் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, எங்கே கச்சேரி என்றாலும் நான் இல்லாமல் அவன் மேடை ஏறியதில்லை.

போன ஆடி மாசம் வண்டியூரில் ஸ்கூட்டர் சறுக்கி இடது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது கடைசி இரண்டு விரலும் மடங்கவில்லை. அந்த இரண்டும் இல்லாவிட்டால் கிட்டாரில் பாதிப் பாட்டு வராது.

கே.கே. நகர் டாக்டரம்மா ஒரு ஸ்பாஞ்சுப் பந்தைக் கொடுத்தார். "தினமும் இதைப் பிசையணும். இல்லைனா விரல் இப்படியே நின்னுடும்."

இரண்டு நாள் பிசைந்தேன். மூன்றாம் நாள் பரணில் தூக்கிப் போட்டேன்.

"கை வேணாமா உங்களுக்கு?" என்றாள் என் மனைவி பாண்டீஸ்வரி.

"போடி. எல்லாம் தானா சரியாகும்."

அந்த வாரமே குழுவில் தபேலா வாசிக்கிற மருது வந்தான். வாசலில் பாண்டீஸ்வரியோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு உள்ளே வந்து ஒரு பையைப் பிரித்தான். உள்ளே ஒரு கிட்டார். இரண்டு முழம் இருந்தால் அதிகம்.

"என்னடா இது?"

"ஹரிராம் அண்ணன் குடுத்துவிட்டாருண்ணே." தலையைச் சொறிந்தான். "இனிமே அவருக்கு இதுவே போதும்னாரு."



"வேற என்ன சொன்னான்?"

"மேடையில கீபோர்டுலயே கிட்டார் சத்தம் வந்துருதாம்ணே."

"நீ கிளம்பு."

அன்றைக்கே அதைக் கையில் எடுத்தேன். பெரிய கிட்டாரில் எட்டாத இடமெல்லாம் இதில் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதற்காக எடுக்கவில்லை. ஹரிராம் மூஞ்சியில் கரியைப் பூசுவதற்காக எடுத்தேன்.

டவுன் பஸ்ஸில் மடியில் வைத்து வாசித்தேன். பெரிய கிட்டாருக்கு ஒவ்வொரு தடவையும் லக்கேஜ் டிக்கெட் கேட்கிற கண்டக்டர், இதைப் பார்த்துவிட்டு, "பேரனோடதா பெரிசு?" என்றார்.

"என்னோடதுதான்யா."

ரேஷன் கடை வரிசையில் வாசித்தேன். முன்னால் நின்றவர்கள், "நீங்க முதல்ல வாங்கிட்டுப் போங்க பெரியவரே" என்று வழிவிட்டார்கள். மரியாதை இல்லை. சீக்கிரம் அனுப்பிவிடத்தான்.

ஒரு துக்க வீட்டுக்கும் கொண்டுபோனேன். பந்தலில் உட்கார்ந்து, சத்தம் வராமல் கம்பியை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தேன். பாண்டீஸ்வரியின் தம்பி காளை குனிந்து காதில் சொன்னான்.

"மச்சான், செத்தது எங்க பெரியப்பா."

"சத்தமே வரலையே மாப்ள."

"அழுகுறவுக எல்லாம் அழுகைய நிப்பாட்டிட்டு உங்க விரலத்தான் பாக்குறாக."

வீட்டில் பாண்டீஸ்வரியின் தொல்லை. "அடுப்படியில வாசிக்காதீக. குக்கர் விசில் எம்புட்டுன்னு தெரியல."

வேண்டுமென்றே அடுப்படியில் ஒரு மணி நேரம் வாசித்தேன்.

"மொட்டை மாடிக்கும் தூக்கிட்டுப் போயிராதீக. ஊரே சிரிக்கும்."

மொட்டை மாடிக்கும் தூக்கிக்கொண்டு போனேன்.

ஆறு மாசம் ஓடியது. ஹரிராம் ஒரு தடவைகூட வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போனும் இல்லை.

பங்குனியில் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் அவன் கச்சேரி. நேரில் கேட்டுவிடுவது என்று சின்னக் கிட்டாரோடு பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. மேடையில் மைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நேராக ஏறினேன்.

"இதுவே போதும்னு சொன்னேல்ல? இப்பக் கேளு."

ஹரிராம் வாயைத் திறந்தான்.

"பேசாத. கேளு."

வாசித்தேன். கடைசி இரண்டு விரலும் தடங்கலில்லாமல் ஓடின. ஸ்பீக்கர் கட்ட ஏறியவர்கள் ஏணியிலேயே நின்றுவிட்டார்கள்.

முடித்ததும் ஹரிராம் மேல்துண்டால் கண்ணைத் துடைத்தான். "மருது, வேன்ல இருந்து பெரிய கிட்டாரை எடுத்துட்டு வா. இன்னைக்கு நல்லகாமன்தான் வாசிக்கிறான்."

"மன்னிப்புக் கேளு. அப்புறம்தான் வாசிப்பேன்."

"அதை உன் பொண்டாட்டிகிட்டப் போய்க் கேளு" என்றான்.

மருது நடுவில் புகுந்தான். "அண்ணே, அவரு அப்படிச் சொல்லவே இல்லண்ணே. 'சின்னதுல விரல் சுலபமா எட்டும், போற இடமெல்லாம் கொண்டுபோய்ப் பழகச் சொல்லு'ன்னுதான் குடுத்துவிட்டாரு. வாசல்ல வச்சு அக்காதான் மாத்திச் சொல்லச் சொன்னாக. 'அக்கறையாச் சொன்னா இதுவும் பரணுக்குப் போயிரும். அவமானமாச் சொல்லு, விரல் தானா மடங்கும்'னாக."

"அப்ப இவன் ஏன் வீட்டுக்கு வரல?"

"'உங்களப் பாத்தா எங்க வீட்டுக்காரரு கோபம் ஆறிப்போகும், விரல் சரியாகுற வரைக்கும் வராதீக'ன்னு அக்காதான் ஹரிராம் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னாக. வாரா வாரம் அக்காட்ட உங்க விரலை விசாரிப்பாருண்ணே."

அங்கேயே பாண்டீஸ்வரிக்குப் போன் போட்டேன்.

"ஏன்டி, மருது சொல்றது நிசமா?"

"விரல் மடங்குதா இல்லையா?"

"மடங்குது."

"அப்ப போனை வச்சுட்டுப் போய் வாசிங்க."

வைத்தேன். வாசித்தேன்.

ஆனாலும் ஒன்று. என் பொண்டாட்டி வராதே என்று சொன்னால், இருபத்தெட்டு வருஷச் சிநேகிதன் ஆறு மாசம் வராமலேயே இருந்துவிடுவதா? அதற்கு ஹரிராம் என்னிடம் மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும்.

கச்சேரிக்குப் போகும்போதெல்லாம் வேனில் என் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்து வருகிறான். இன்றுவரை கேட்கவில்லை.