தோள் வலி தெரிந்த ஆள்

மூட்டை சுமந்த வலது தோள் விண்ணென்று தெறித்தது. வேலை முடிந்து வந்தவன் பாதித் தூக்கத்தில் கம்ப்யூட்டரைத் திறந்தான். அதில் ஓடியது, பழைய கம்ப்யூட்டர்களுக்காக அவனே உருவாக்கி இலவசமாகத் தரும் ஆபரேட்டிங் சிஸ்டம். நாளை தொழிலாளர் சங்கத்தில் அதை ஓட்டிக்காட்ட வேண்டும். சங்கத்தின் கோப்புகளோ, அவனோடு பேச்சுவார்த்தை இல்லாத அவன் அக்கா உருவாக்கிய சிஸ்டத்தில் இருந்தன.

"கோப்பு திறக்கலேன்னா உங்களோடது வேணாம்னுடுவாங்க," என்றாள் மனைவி. "அக்காவோடதுக்கு ஒத்துப்போற மாதிரி மாத்தினா குடியா முழுகிடும்?"

"எல்லாம் அவளோடது மாதிரியே ஆயிட்டா, நான் எதுக்குத் தனியா செய்யணும்?"

சங்கக் கோப்பு ஒன்றைத் தட்டினான். எழுத்துகள் கனவில் வருவதுபோல் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன.

"பாத்தியா! இணையத்துல 'தும்பி'ன்னு யாரோ ஒருத்தர், நாலு வருஷமா ரெண்டு சிஸ்டத்துக்கும் நடுவுல இணைப்பு நிரல் எழுதித் தர்றார். கூடப் பொறந்தவ செய்வாளா இதை?"

தும்பியின் குறிப்பைப் படித்தான்: 'உங்கள் சிஸ்டத்தில் கைவைக்கவில்லை. நடுவில் இணைப்பு மட்டும். வலது தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.'

"என் தோள் வலி இவருக்கு எப்படித் தெரியும்?"

மனைவி சுடுதுணியைத் தோளில் வைத்தாள்.

"நான்தான் உங்க அக்காகிட்ட போன்ல சொன்னேன்."

அக்காவின் போன் நம்பரை எடுத்தான். நாலு வருஷத்து நன்றி அப்படியே பாக்கி நின்றது.