திருத்தம்

கிழக்கேகோட்டை நெட் கஃபேயில் ரெனி, ஊர்க்காரர்களின் இணையக் குழுவில் வந்திருந்த அந்தப் பதிவை மறுபடியும் படித்தாள். எழுதியவன் பெயர் 'அனந்தபுரிக்காரன்'. மலையாளத்தில் எழுதியிருந்தான்: 'பழவங்காடியிலெ பாண்டிகளெ அவசரமாயிட்டு ஓடிக்கணம்.' தமிழர்களைப் பாண்டிகள் என்று ஏசி, பழவங்காடியிலிருந்து விரட்டச் சொல்லும் வரி.

அதைப் படித்துவிட்டு வந்தவர்கள்தான் அவள் அப்பா நேசையனின் சாலையோரத் தட்டுக்கடையைக் கவிழ்த்தார்கள். கொதிக்கிற எண்ணெய் அவர் கையில் கொட்டியது.

"வெள்ளைக்காரன் நம்ம நெறத்தக் கேலி பண்ணினதுக்கு இதே குழுவுல எல்லாரும் என்னமா பொங்குனாங்க" என்றாள்.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் ரதீஷ் எட்டிப் பார்த்தான். "தமிழ்ல சத்தமா பேசாத. எவனோ மலையாளத்தான் எழுதியிருக்கான், விடு."

"இல்லண்ணே. மலையாளத்துல அவசரம்னா வாய்ப்பு. இவன் சீக்கிரம்னு நெனச்சு எழுதியிருக்கான். வீட்டுல தமிழ் பேசுதவன்தான் இந்தத் தப்பு விடுவான், கேட்டியா?"

ரதீஷ் திரையை உற்றுப் பார்த்தான். "யாருகிட்டயாவது சொன்னியா?"

"இப்பதான் கவனிச்சேன். மொதல்ல ஒங்கிட்டதான் சொல்லுதேன்."

"சரி, ஆசுபத்திரியில அப்பா தனியா கெடக்காரு. நீ போ. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு, பொறவு வாரேன்."

அவன் தன் இடத்துக்குத் திரும்பினான். கீபோர்டு சத்தம் கேட்டது.

போலீசுக்குக் காட்ட ஒரு பிரிண்ட் எடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று ரெனி பக்கத்தைப் புதுப்பித்தாள்.

பதிவு அழிக்கப்படவில்லை. பாண்டிகளை இன்னும் விரட்டச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. 'அவசரமாயிட்டு' இருந்த இடத்தில் மட்டும், பிழையில்லாத மலையாளத்தில், 'உடனெ' என்று இருந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் நின்றிருந்தது.