மூன்றாவது மஞ்சள் பிடி

அண்ணன் மகள் சுவரிலிருந்து வழுக்கி மெத்தையில் விழுந்ததும் வெல்டருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அடி ஒன்றும் இல்லை. இந்தச் சுவரேறும் போட்டியில் கயிறு கிடையாது. கீழே முழங்கால் உயரத்துக்கு மெத்தை போட்டிருப்பார்கள். அவள் எழுந்து, கை வழுக்காமலிருக்க வெள்ளை மாவைப் பூசிக்கொண்டு மறுபடி ஏறினாள். சுவரில் முறுக்கியிருந்த மஞ்சள் பிடிகள் வழியாகப் போய் உச்சிப் பிடியை இரண்டு கையாலும் பற்றினாள். நடுவராக நின்ற விளையாட்டு டீச்சர் கையை உயர்த்தினார். ஏறியாயிற்று. ஆனால் இரண்டாவது முயற்சியில்.

“இது போதும். நம்ம அணில் மட்டும் ஒரே தடவைல ஏறிட்டா, கோப்பை நமக்குத்தான்” என்று மனைவியின் காதைக் கடித்தார் வெல்டர்.

அந்தக் கூடத்தில் அவர் மகளுக்கு அணில் என்றும், அண்ணன் மகளுக்குப் பல்லி என்றும்தான் பெயர். மூன்று சுவர் முடிந்து இருவரும் சமம். இது கடைசிச் சுவர். ஏறினால் மட்டும் போதாது, எத்தனை முயற்சி என்பதும் கணக்கு. இதிலும் சமமாகிவிட்டால், போன சுற்றில் முதலாவதாக வந்த பல்லிக்கே கோப்பை.

அண்ணனோடு பேச்சு நின்று ஒன்பது வருடம். சேர்ந்து பட்டறை வைத்திருந்தபோது, கடை நிறைய ஆள் இருக்கையில், “தம்பி அடிக்கிற வெல்டிங் நாலு நாள் தாங்காது” என்று சொல்லிச் சிரித்தார் அண்ணன். சொன்னவர் அன்றைக்கே மறந்திருப்பார். வெல்டர் கிழமையோடு ஞாபகம் வைத்திருந்தார். இன்றும் இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு மூலையில்தான்.

பல்லி ஏறிய வழியைப் பார்த்துவிடக் கூடாது என்று உள்ளறையில் உட்கார வைத்திருந்த அணிலை இப்போது கூப்பிட்டார்கள். நாலு நிமிடத்துக்குள் ஏற வேண்டும். கடிகாரம் ஓடத் தொடங்கியது.

முதல் மஞ்சள் பிடி. இரண்டாவது. கைதட்டல் கூடிக்கொண்டே போனது. மனைவி வெல்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அணில் எம்பிப் பாய்ந்து மூன்றாவது பிடியில் ஒற்றைக் கையால் தொங்கினாள். கால் இரண்டும் அந்தரத்தில் ஆடின. கூடமே எழுந்து நின்றது. இன்னும் மூன்றே பிடி.

“நிறுத்துங்க! நிறுத்துங்க!”

அண்ணன்தான். தொண்டை கிழியக் கத்திக்கொண்டு தடுப்புவரை ஓடி வந்துவிட்டார். டீச்சர் நிமிர்ந்து பார்த்து விசில் ஊதினார். அணில் கீழே குதித்தாள்.

வெல்டருக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போலாயிற்று. கூடப் பிறந்தவன் பிள்ளை ஜெயிப்பதைப் பொறுக்க முடியாமல் கத்திக் கெடுக்கிறானே, இவனெல்லாம் மனுஷனா என்று பாய்ந்தார். பிள்ளை பார்க்கிறாள், மானத்தை வாங்காதீர்கள் என்று மனைவி இழுத்து உட்கார வைத்தாள்.

அதற்குள் ஏணி வந்தது. ஒருவர் ஏறி, மூன்றாவது மஞ்சள் பிடியின் போல்ட்டை முறுக்கினார். பிடி தளர்ந்திருந்ததால் இந்த முயற்சி கணக்கில் இல்லை, முதலிலிருந்து ஏறலாம் என்று மைக்கில் சொன்னார்கள்.

வெல்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் கெடுக்கப் பார்த்தான், டீச்சர் கண் கெட்டிக்காரக் கண், பிடி ஆடியதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

அணில் மறுபடி ஏறினாள். இந்தத் தடவை மூன்றாவது பிடி மலை மாதிரி நின்றது. நாலு, ஐந்து, உச்சி. இரண்டு கையும் சேர்ந்ததும் டீச்சரின் கை மேலே போனது. வெல்டர் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்.

மகள் கோப்பையோடு போட்டோவுக்கு நின்ற நேரத்தில் டீச்சரிடம் போனார். நல்ல சமயத்தில் பார்த்தீர்கள் என்று நன்றி சொன்னார். கையோடு புகாரையும் வைத்தார்.

“அந்த ஆளை இனிமே உள்ள விடாதீங்க டீச்சர். கத்தியே என் பொண்ணை விழ வைக்கப் பார்த்தார்.”

“நான் எங்க சார் பார்த்தேன்? கால் சுவர்ல போட்ட எல்லைக் கோட்டைத் தாண்டுதான்னு கீழதான் பார்த்துட்டிருந்தேன். அவர் கத்துன பிறகுதான் நிமிர்ந்தேன்.”

வெல்டர் திரும்பி அந்த மூன்றாவது பிடியைப் பார்த்தார்.

“பிடி சுத்தினா ஏறுறவ உடனே சொல்லணும். சொல்லாம தொங்கி விழுந்தா, அது அவ முயற்சியில சேர்ந்துடும். உங்க பொண்ணு சொல்லலை.”

“சரி, அதுல அவருக்கு என்ன வந்தது?”

“அதே பிடி சுத்தித்தான் அவர் பொண்ணும் விழுந்தா சார். அவளும் சொல்லலை, மறுபடி ஏறவும் ஆரம்பிச்சுட்டா. அதுக்கப்புறம் கேட்க முடியாது. உங்க பொண்ணு தொங்குறப்பதான் அவருக்கே விஷயம் புரிஞ்சிருக்கு” என்ற டீச்சர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அரை நிமிஷம் வாயை மூடிட்டு நின்னிருந்தா, உங்க பொண்ணும் விழுந்திருப்பா, கோப்பை இப்ப அவர் பொண்ணு கையில இருக்கும்.”