பெரியதுக்கு என்ன வைப்பது?

ஒளித்து வைத்ததைப் பிள்ளைகள் தேடி எடுக்கும் ஈஸ்டர் முட்டை வேட்டைக்காக, உள்ளே பரிசு வைக்க அவள் மேசை நிறைய பிளாஸ்டிக் முட்டைகளைத் திறந்து வைத்திருந்தாள். இந்த வருடமாவது சின்னதுகள் அழாமல் இருக்க வேண்டும். போன வருடம் அவர்களுடைய சாக்லேட் முட்டைகளை ஒன்று விடாமல் பறித்துத் தின்றுவிட்டு, பெரியது விட்ட ஏப்பத்தில் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது.

இரண்டு வயதுக்கு, வாயில் போட்டு விழுங்க முடியாத துணிப்பந்து. ஆறு வயதுக்கு டைனோசர் ஸ்டிக்கர். பதினொன்றுக்கு, அடுத்த முட்டை எங்கே என்று துப்புச் சொல்லும் விடுகதை.

சோபாவில் மல்லாந்து கிடந்த பெரியது செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சாக்லேட் இல்லையா? சே, இதெல்லாம் ஒரு முட்டையா?”

“முதல்ல அந்த ஈரத் துண்டை சோபாவிலேருந்து எடு. தின்ன தட்டு வேற அங்கேயே காயுது. வெட்கமா இல்ல?”

“அப்புறம் எடுக்கிறேன். எனக்கு எது?”

“இருக்கிறதிலேயே பெரிய முட்டை உனக்குத்தான். தேடக்கூட வேண்டாம், இந்தா.”

பெரியது துள்ளி எழுந்து முட்டையைப் பிளந்தது. முகம் தொங்கிப்போனது.

“என்ன அண்ணி, உள்ளே சாவி இருக்கு?”

“பக்கத்துத் தெருவில ஒரு ரூம். உங்கண்ணனே பார்த்து வெச்சிருக்கார். நாப்பது வயசுக்கு வேற என்னப்பா வைக்கிறது?”