ஒன்றும் மாற்றவில்லை

தங்கையாவை டயாலிசிஸ் இயந்திரத்தோடு இணைத்த பிறகுதான், அதில் அன்று காலை புது மென்பொருள் ஏறியிருப்பது நர்ஸ் ஜெபசீலிக்குத் தெரிந்தது. மனசு ஒப்பவில்லை. ரத்தக் குழாயில் காற்றுக் குமிழி வந்தால் பம்பு நிற்குமா என்று இயந்திரங்களைக் கவனிக்கும் ஏஐ வார்டு ஏஜென்ட்டிடம் கேட்டாள்.

"நிற்கும். சோதனையில் தேறிவிட்டது."

"இதுக்கு முந்தின ரிசல்ட்டையெல்லாம் எடு."

நொடியில் எடுத்துத் தந்தது. ஏழு முறை தோல்வி. எட்டாவது முறை தேர்ச்சி.

"நடுவுல என்னத்த சரி பண்ணுனீங்க?"

"எதையும் மாற்றவில்லை. தேறும்வரை அதே சோதனையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம்."

அவள் உடனே பம்பை நிறுத்தினாள். குழாயைக் கண்கொட்டாமல் பார்த்தபடி, பம்பின் கைப்பிடியைக் கையால் சுற்றிச் சுற்றி ரத்தத்தைத் தங்கையாவின் உடம்புக்குள் திருப்பினாள்.

"ஏம்மா, கரண்டு போயிட்டோ?" என்றார் தங்கையா.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. அசையாம படுங்க."

குமிழி எதுவும் வரவில்லை. ஊசியை உருவிப் பஞ்சை அழுத்தினாள். நிமிர்ந்தாள். வார்டு நெடுகிலும் கட்டிலுக்குக் கட்டில் அதே மென்பொருள் ஏறிய இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நர்ஸ் என்று இருந்தது அவள் ஒருத்திதான்.