கடைசி மருந்துச் சீட்டு

“ஏம்மா பாண்டிசெல்வி, யோசிச்சுத்தான் பேரு குடுத்தியா? இது கோலப்போட்டி இல்ல!”

மைக்கைப் பிடித்து எட்வின் இப்படிக் கேட்டதும் கல்யாண மண்டபமே சிரித்தது. பாண்டிசெல்விக்கு முகம் சுண்டிப்போனது.

மருந்து வணிகர் சங்கத்தின் குடும்ப விழா. ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் மெடிக்கல் கடைக்காரர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு கூடியிருந்தார்கள். சாக்கு ஓட்டம், பாட்டு, பிரியாணி எல்லாம் முடிந்தாயிற்று. ஆனாலும் யாரும் கிளம்பவில்லை. கடைசிப் போட்டி அப்படி.

டாக்டர்களின் கிறுக்கலான மருந்துச் சீட்டுகளைப் பெயர் தெரியாமல் மறைத்துத் திரையில் காட்டுவார்கள். முதலில் கை தூக்கிச் சரியாகப் படித்தால் புள்ளி. ஜெயித்தவர் கடையில் அடுத்த விழா வரை கேடயம் தொங்கும்.

வருஷா வருஷம் அது தொங்குவது இராஜபாளையத்தில், எட்வின் கடையில். கேடயத்தைவிடப் பெரிது அவர் வாய். “கோழி கிளறிப் போட்டாலும் நான் படிச்சிருவேன்!” என்று மைக்கிலேயே சொல்லிக்கொள்வார்.

சங்கத் தலைவர் சங்கையா பாண்டிசெல்வி பக்கம் குனிந்தார்.

“அவன் கெடக்கான். உனக்கு எதுக்குத்தா இந்தக் கேடயம்?”

“மடவார் வளாகம் கோயில் பக்கத்துல கடை தொறந்ததுல இருந்து ஒரே கதைதான் அண்ணாச்சி. வாரவிய எல்லாம் ‘கடைக்காரர் இல்லையாம்மா?’ன்னு கேக்காவ. நாந்தான் கடைக்காரின்னா, ‘அவிய வரட்டும், பொறவு வாரேன்’னு திரும்பிப் போறாவ. சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேன். யாரும் ஏறெடுத்துப் பாக்கல. இந்தக் கேடயத்தைப் பாப்பாவல்லா?”

சங்கையா எழுந்தார். அவள் தலையில் கை வைத்துவிட்டு மேடையேறினார்.

போட்டி தொடங்கியது. ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, எட்வினும் பாண்டிசெல்வியும் சமமாக நின்றார்கள்.

“கடைசிச் சீட்டு! இதைப் படிச்சவங்களுக்குத்தான் கேடயம்,” என்றார் சங்கையா.

திரையில் மூன்றே வரி. மண்டபமே கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

எட்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார். கை மட்டும் எழவில்லை.

“என்ன எட்வின், கோழி ரொம்பக் கிளறிட்டோ?” என்றது ஒரு குரல்.

சிரிப்பு அடங்கச் செத்த நேரமானது. வாய்க்கொழுப்பு பிடித்த மனுஷனுக்கு இது வேண்டும்தான்!

உதட்டைக் கடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்த பாண்டிசெல்வி மெதுவாகக் கை தூக்கினாள்.

“முதல் வரி மெட்பார்மின், சாப்பிட்ட பொறவு. ரெண்டாவது கால்சியம், ராத்திரி ஒண்ணு. மூணாவது...” சட்டென்று சிரித்துவிட்டாள். “மூணாவது மருந்தே இல்ல அண்ணாச்சி. ‘ஊறுகாய் பக்கமே போகாதே’ன்னு எழுதியிருக்காரு!”

சங்கையா விடையைச் சரிபார்த்தார். “அப்படியே இருக்குய்யா!”

விசில் பறந்தது. பாண்டிசெல்வியின் அம்மா வேலுத்தாய் மேடைக்கே ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் அப்படி ஒரு சந்தோஷம்.

பழைய வெற்றியாளர்தான் கேடயத்தைக் கையில் கொடுக்க வேண்டும். அது சங்கத்து வழக்கம்.

“லைட்டு கண்ணுல அடிச்சுட்டு. இல்லாட்டி விட்டிருப்பேனா?” என்று முனகிக்கொண்டே கொடுத்தார் எட்வின். தோற்றும் வாய் அடங்கவில்லை பாருங்கள்.

எட்வினின் பைக் இராஜபாளையம் ரோட்டில் திரும்பியதும், பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி ஜெயசித்ரா மெல்ல ஆரம்பித்தாள்.

“ஏங்க, கோவிச்சுக்கிட மாட்டீங்களே?”

“கேளு.”

“அந்தக் கடைசிச் சீட்டு, உங்க கூடப் பொறந்த அண்ணன் எழுத்துல்லா? அவிய கிளினிக் வாசல்ல கடை வச்சு, தெனமும் அதைத்தான படிக்கிய. அது எப்படிங்க உங்களுக்குத் தெரியாமப் போச்சு?”

எட்வின் சிரித்தார்.

“பாத்ததுமே தெரிஞ்சுட்டு. அந்தப் புள்ள மொதத் தடவை பாத்துட்டுத் திணறிக்கிட்டு நிக்கி. சொந்த அண்ணன் எழுத்தைப் படிச்சுட்டு, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் கேடயத்தை வாங்க?”